பாத்தி போடுமுன் வடிகால் வெட்டுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். வீட்டைச் சுற்றி மேட்டுப்பாத்தி போட்டுக் காய்கறி வளர்க்க நினைக்கும் விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பகுதி மக்களுக்கு இன்னும் சுமார் நான்கு வாரம்தான் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த இரவில் அடித்துக்கொண்டு போன செடிகளுக்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுத் தோட்டங்களைப் பார்த்தால் விஷயம் வேறாக இருந்தது. கத்தரி, மிளகாய், தக்காளி பலவும் புயலைத் தாங்கி நின்றிருந்தன. அதற்கு அடுத்த சில நாள்களில்தான் செத்தன. தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, பாத்தியில் வடியவில்லை. செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு அடித்து அழகாகக் கட்டிய பாத்திகள் அவை. தண்ணீர் வெளியேற அவற்றில் ஒரு துளைகூட இல்லை.

ஆகவே முதல் வேலை வடிகால். பாத்தி அதற்குப் பிறகு.

வேருக்குக் காற்று வேண்டும். மண்துகள்களுக்கு நடுவில் உள்ள இடமெல்லாம் தண்ணீரால் நிரம்பினால், மிச்சமிருக்கும் காற்று ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் வேர் வேலை செய்யாது, மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதனால் உறிஞ்ச முடியாது. இலை தொங்கும். இதைப் பார்த்து "செடி வாடுகிறதே" என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள்! மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது செடி வாடினால் அதற்கு வேண்டியது காற்று.

இடத்தைச் சோதிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியால் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் நல்ல இடம். காலையிலும் பாதிக் குழி நிறைந்திருந்தால் அது கெட்டிக் களிமண். அங்கே பலர் செய்யும் தவறு, ஒன்றரை அடி பள்ளம் தோண்டி, களியை அள்ளிப் போட்டுவிட்டு, விலைக்கு வாங்கிய செம்மண்ணை அதில் நிரப்புவது. சுற்றிலும் களி, நடுவில் பொலபொலவென்ற மண். பெய்கிற மழை முழுதும் அங்கேதான் வந்து சேரும். நீங்கள் வெட்டியது பாத்தி அல்ல, குளம். களிமண் தரையில் பள்ளம் தோண்டவே வேண்டாம். மேல்மண்ணைக் கடப்பாரையால் லேசாகக் கிளறிவிட்டு, தரைக்கு மேலேயே மண்ணைக் குவியுங்கள்.

அளவு: அகலம் மூன்றரை அடி, இரு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்ட வேண்டும். உயரம் ஓரடி, களிமண் தரையானால் ஒன்றரை. நீளம் உங்கள் வசதி. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒன்றரை அடி நடைபாதை. பாத்தியில் கால் வைத்து மிதிக்கக் கூடாது.

அந்த நடைபாதைதான் உங்கள் வாய்க்கால். ஒரு சாண் ஆழம் வெட்டுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். கடைசி முனை எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பாத்தி கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். தெரு வடிகாலா, மழைநீர் சேகரிப்புக் குழியா, கொல்லைப்புறத் தாழ்வா என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுச் சுவரடியில் கொண்டுபோய் விடாதீர்கள். வெட்டி முடித்ததும் மேல் முனையில் நான்கு குடம் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் நிற்காமல் மறுமுனைக்குப் போனால்தான் வேலை முடிந்தது. தண்ணீர் போக உங்கள் மனையில் தாழ்வான இடமே இல்லையென்றால், இந்தப் பருவத்துக்குப் பாத்தி ஆசையை விட்டுவிட்டு வளர்ப்புப் பைகளில் வையுங்கள்.

கரை கட்டச் செங்கல் போதும், ஹாலோ பிளாக்கும் சரி, தென்னை மட்டையும் சரி. சிமெண்ட் பூச வேண்டாம். பூசித்தான் தீருவேன் என்றால் இரண்டடிக்கு ஒரு துளை, தரை மட்டத்தில், விரல் நுழையும் அளவுக்கு விடுங்கள். உள்பக்கம் ஓட்டாஞ்சில் வைத்தால் மண் அடைக்காது. அடியில் காங்கிரீட் தளமோ பிளாஸ்டிக் தாளோ கூடவே கூடாது. "களை வராமல் இருக்கத் தார்பாய் விரித்தேன்" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சொல்கிறார்கள். களைதான் வேண்டாமென்றால் பழைய செய்தித்தாளை நான்கு மடிப்பாக விரியுங்கள், அது தானே மக்கிப் போகும்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. வேப்பம் புண்ணாக்கு பாத்திக்கு இரண்டு கைப்பிடி. பச்சைச் சாணம் வேண்டாம், வண்டுப் புழு வரும். தேங்காய் நார்க்கழிவு கோடைக்கு நல்லது, ஆனால் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள், மழைக்காலப் பாத்தியில் கொஞ்சமாகப் போடுங்கள். மணலுக்குப் பதில் கல்தூள் போட்டால் மண் இறுகிவிடும்.

பாத்தியைக் கூரை விளிம்புக்கு அடியிலோ மாடித் தண்ணீர்க் குழாய் விழும் இடத்திலோ போடாதீர்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். எந்த வடிகாலும் அதற்கு ஈடு கொடுக்காது.

மொட்டை மாடியில் ஓரடி உயரப் பாத்தி கட்டுவதாக இருந்தால் நிறுத்துங்கள். நனைந்த மண் ஓரடி உயரத்துக்கு இருந்தால் சதுர மீட்டருக்கு அரை டன் எடை. சாதாரண வீட்டு மாடித் தளத்துக்குக் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். மாடியில் பைகள் மட்டும், அதுவும் சுவரோரமாக, வடிகால் ஓட்டையை மறைக்காமல்.

இப்போது ஊன்றலாம்: வெண்டை, புடல், பீர்க்கன். ஆடியில் கொடியவரை ஊன்றாதவர்கள் இந்த வாரமே ஊன்றுங்கள். ஈரம் தாங்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேம்பு ஆகியவற்றை வாய்க்கால் ஓரத்தில் வையுங்கள். அரைக்கீரை, சிறுகீரை விதைகளைக் கனமழைக்கு முன் தூவினால் அடித்துக்கொண்டு போகும், மழை இடைவெளி பார்த்துத் தூவுங்கள். விதையை டிரைக்கோடெர்மா விரிடியுடன் புரட்டி விதையுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது அளவு, வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும். நாற்றழுகல் பெருமளவு குறையும்.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றை இப்போது நட அவசரப்படாதீர்கள். ஐப்பசிக் கடைசியில் கூரைக்கடியில் தட்டில் விதைத்தால் மார்கழியில் மழை ஓய்ந்ததும் நடலாம்.

மழை தொடங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு ஒருமுறை வெளியே போய் வாய்க்காலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியாது. வேப்பிலையும் வைக்கோலும் சேர்ந்து கடைசி முனையை அடைத்திருக்கும், தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். ஒரு குச்சியால் தள்ளிவிட்டால் போதும். இதைச் செய்யாமல் நோய், மருந்து என்று எங்கள் தோட்டக்கலை அலுவலகத்துக்கு இலையைப் பறித்துக்கொண்டு வராதீர்கள். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான்.

தண்ணீர் நின்றுவிட்டதா? மண்வெட்டியால் கரையின் ஓரிடத்தை உடனே வெட்டித் திறந்துவிடுங்கள், கரையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். சேற்றில் இறங்கி மிதிக்காதீர்கள். மேல்மண் உலர்ந்ததும் லேசாகக் கொத்திவிடுங்கள். இலை வெளுத்திருந்தால் சத்து கரைந்து போயிருக்கிறது. மண் காய்ந்த பிறகு மட்டும் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வையுங்கள், ஈரத்தில் யூரியா தூவாதீர்கள். மண்ணை விலக்கி வேரைப் பாருங்கள்: வெள்ளையாக இருந்தால் செடி தேறும், பழுப்பாகி உரிந்து வந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு, தட்டில் வைத்திருக்கும் நாற்றை அந்த இடத்தில் நடுங்கள்.