இருளில் மிதிவண்டி: பிறர் கண்ணில் படுவது எப்படி?

எலும்பு முறிவுப் பிரிவில் பணியாற்றுவோருக்கு மிகவும் பழகிப்போன வாக்கியம் ஒன்று உண்டு. "நான் வண்டியைப் பார்த்தேன் டாக்டர். அவர்தான் என்னைப் பார்க்கவில்லை." காலில் கட்டுடன் படுத்திருக்கும் மிதிவண்டிக்காரர் இதைச் சொல்வார். மோதியவரும் சில வேளைகளில் வெளியே நின்றுகொண்டிருப்பார். அவரே நோயாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்திருப்பார். "சத்தியமாகக் கண்ணுக்குத் தெரியவில்லை சார்" என்பார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான்.

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஒரு தனிப்பட்ட காரணமும் இருக்கிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தின் தொடக்க நிலையில் இருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, தினமும் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டும்படி நானே எழுதிக் கொடுத்தேன். உடல் எடை முழுவதும் மூட்டின்மீது இறங்காமல் தொடைத் தசைகளை வலுப்படுத்த அது நல்ல வழி. அவர் சொன்னதைக் கேட்கும் நோயாளி. போக்குவரத்து குறைவாக இருக்குமென்று காலை ஐந்து மணியைத் தேர்ந்தெடுத்தார். மார்கழி மாதம், பனி, கருநீல ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், விளக்கில்லாத பழைய சைக்கிள். பின்னாலிருந்து வந்த சரக்கு வேன் இடித்ததில் கீழ்க்கால் எலும்பு இரண்டாக முறிந்தது. அதற்குள் கம்பி செலுத்தி நானே அறுவை செய்தேன். மருந்து எழுதும்போது அளவு, வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்றெல்லாம் கவனமாகக் குறிப்பிடும் நான், சைக்கிளை எழுதியபோது அவற்றில் ஒன்றையும் குறிப்பிடவில்லை.

மிதிவண்டியில் செல்பவர் ஏன் தம்மைப் பிறர் பார்க்கிறார்கள் என்று நம்புகிறார்? எதிரே வரும் வண்டியின் விளக்கு அவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே தெரிகிறது. தெரு விளக்கின் மங்கிய ஒளியில் தம் கைகளும் கைப்பிடியும் அவருக்கு நன்றாகத் தெரிகின்றன. "எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது நானும் தெரியத்தானே செய்வேன்" என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கு தவறு. விளக்கைத் தாழ்த்தி ஓட்டிவரும் ஓட்டுநருக்குக் கருநிற உடையணிந்தவர் பெரும்பாலும் 30 மீட்டர் நெருங்கிய பிறகே புலப்படுவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்தவே ஒன்றரை நொடி ஆகிவிடும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். அதன் பிறகு வண்டி நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் குடிக்காதவராகவும், தூங்காதவராகவும், நல்ல டயர் உள்ளவராகவும் இருந்தால்கூட அந்த முப்பது மீட்டர் போதாது.

ஓட்டுநரின் வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, விழிலென்சு பழுப்பேறுகிறது. மங்கிய ஒளியில் இருபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடைகிறது. எதிரே ஒருவர் உயர் ஒளியைப் போட்டுக்கொண்டு வந்தால் அதுவும் சில நொடிகளுக்கு இல்லை.

எங்கள் தந்தையர் காலத்தில் விளக்கில்லாமல் சைக்கிளில் சென்றால் போலீஸ்காரர் நிறுத்தி அபராதம் விதிப்பார். சில இடங்களில் டயரின் காற்றைப் பிடுங்கி விடுவதும் உண்டு. அந்தப் பயத்திலேயே டைனமோ வைத்திருந்தார்கள். டயரில் உரசிக்கொண்டு சுழலும் அந்தச் சிறு கருவிக்கு ஒரு குறை இருந்தது: சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். இன்று அந்தப் பயமும் இல்லை, டைனமோவும் இல்லை. ஆனால் சாலையில் வேகம் பன்மடங்காகியிருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் பொருள்கள் மூன்று வகை. மூன்றும் ஒன்றுபோல் பளிச்சென்று இருப்பதால் மக்கள் குழம்பிவிடுகிறார்கள்.

முதலாவது, கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறச் சட்டைகளும் மேலங்கிகளும். இவை சூரிய ஒளியில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகின்றன. ஆகவே பகலிலும், அந்தி மயங்கும் நேரத்திலும், மழை மூட்டத்திலும் மிக நல்லவை. இரவில் புறஊதாக் கதிர் இல்லை. எனவே அந்தச் சிறப்பும் இல்லை. அப்போது அது வெறும் வெளிர்நிறச் சட்டைதான்.

இரண்டாவது, நம் ஊரில் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று அழைக்கப்படும் எதிரொளிப்புப் பட்டைகளும் ரிஃப்ளெக்டர்களும். இவற்றில் ரேடியம் துளியும் இல்லை. நல்லவேளை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கடிகார முகப்புகளில் மெய்யாகவே ரேடியம் பூசினார்கள்; அமெரிக்காவில் 1920களில் அந்த வேலையைச் செய்த பெண்களின் எலும்புகளில் அது சுண்ணாம்புச் சத்தைப் போலப் படிந்து தாடையை அரித்தது. இன்றைய பட்டையில் இருப்பவை நுண்ணிய கண்ணாடி மணிகள், அல்லது கனசதுரத்தின் மூலைபோல் அமைந்த சிறு குழிகள். எந்தத் திசையிலிருந்து ஒளி வருகிறதோ அதே திசைக்கு அவை அதைத் திருப்பி அனுப்புகின்றன. வண்டியின் விளக்குக்குச் சற்று மேலேதான் ஓட்டுநரின் கண் இருக்கிறது. அதனால் அவருக்கு மட்டும் அது தீப்பற்றியதுபோல் தெரிகிறது, அதுவும் 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே. பக்கத்தில் நிற்பவருக்கோ, கடையில் வாங்குபவருக்கோ சாம்பல் நிறத் துணியாகத்தான் தோன்றும். இதனாலேயே பலர் "இதில் என்ன வெளிச்சம் இருக்கிறது" என்று வாங்காமல் போய்விடுகிறார்கள்.

மூன்றாவது, மின்கலத்தில் எரியும் விளக்குகள். எதிரொளிப்புப் பட்டை, யாராவது விளக்கடித்தால்தான் பதில் சொல்லும். குறுக்குச் சந்திலிருந்து திரும்பும் வண்டியின் ஒளி நம்மீது விழுவதற்குள் காரியம் முடிந்துவிடலாம். விளக்கு அதற்காகக் காத்திருப்பதில்லை. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில் 3,845 மிதிவண்டிக்காரர்கள் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு, சக்கரக் கம்பியில் பொருத்திய காந்தத்தால் பகலும் இரவும் தானாகவே எரியும் விளக்குகள் தரப்பட்டன. காயம் ஏற்படுத்திய விபத்துகள் அவர்களிடையே 19 விழுக்காடு குறைவாக இருந்தன. போடவும் அணைக்கவும் மறந்துபோக வழியில்லாத விளக்கு என்பதே அதன் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன்.

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இந்த ஒழுங்கை எந்த அலங்காரத்துக்காகவும் மாற்ற வேண்டாம். முன்பக்கத்தில் சிவப்பு எரிந்தால், நீங்கள் எதிரே வருகிறீர்களா, அதே திசையில் போகிறீர்களா என்று ஓட்டுநர் குழம்புவார். மின்னும் விளக்கு சட்டென்று கவனத்தை ஈர்க்கும். ஆனால் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மதிப்பிடுவது அதில் கடினம். ஜெர்மனியில் மிதிவண்டி விளக்கு மின்னக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு விளக்குதான் இருக்கிறது என்றால் அதை நிலையாக எரியவிடுங்கள். இரண்டு இருந்தால் ஒன்று மின்னட்டும். பின்விளக்கை இருக்கையின் கீழ்த் தண்டில் மாட்டுபவர்கள் கேரியரில் என்ன வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புத்தகப் பை, காய்கறிக் கூடை, பால் கேன் எல்லாம் அதை மறைத்துவிடும். கேரியரின் பின் நுனியோ மட்கார்டோ நல்ல இடம்.

இனி நான் முக்கியமாகக் கருதும் செய்தி. பட்டையை எவ்வளவு ஒட்டுகிறோம் என்பதைவிட எங்கே ஒட்டுகிறோம் என்பது பெரிது. 1973இல் குன்னர் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர், இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்திப் படமெடுத்துக் காட்டினார். அந்த மனிதர் அசையாமல் இருந்தபோது பார்த்தவர்களுக்குச் சில புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. அவர் நடக்கத் தொடங்கிய கணத்திலேயே அது மனிதன் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். மனித அசைவை இனங்காண மூளை அத்தனை பழகியிருக்கிறது. மிதிவண்டியில் ஓயாமல் மேலும் கீழும் அசைவது கால். முதுகு அசைவதே இல்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதை இரவில் சோதித்துப் பார்த்தார்கள். பொதுப் போக்குவரத்து இல்லாத தடத்தில் கார் ஓட்டியவர்களிடம், மிதிவண்டிக்காரரைக் கண்டதும் சொல்லும்படி கேட்டனர். கறுப்பு உடையணிந்தவரை 2 விழுக்காட்டினரே கண்டுகொண்டனர். பளிச்சென்ற நிற மேலங்கி அணிந்தபோது 15 விழுக்காட்டினர். எதிரொளிப்பு மேலங்கிக்கு 50 விழுக்காட்டினர். அதே மேலங்கியுடன் முழங்காலிலும் கணுக்காலிலும் எதிரொளிப்புப் பட்டை கட்டியபோது 90 விழுக்காட்டினர் கண்டுகொண்டனர். இரண்டு சாண் நீளப் பட்டையின் வேலை இது. வேட்டியோ கைலியோ மடித்துக் கட்டி ஓட்டுபவர்கள் வெறும் காலிலேயே கட்டிக்கொள்ளலாம். பேண்ட் அணிபவர்களுக்கு, அது சங்கிலியில் சிக்காமலும் இருக்கும். கட்ட விரும்பாதவர்கள் செருப்பின் குதிகாலிலும் பெடலின் முன்பின் விளிம்புகளிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். கணுக்கால் வீக்கம் உள்ளவர்களும், நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களும் இறுக்கமாகக் கட்டவே கூடாது; அவர்களுக்குச் செருப்பில் ஒட்டுவதே சரி.

பிள்ளைகள் விஷயத்தில் அழகு ஒரு மருத்துவக் காரணமாகிறது. பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பிள்ளையிடம் மஞ்சள் மேலங்கியைக் கொடுத்துப் பாருங்கள். தெருமுனை தாண்டியதும் அது பைக்குள் போய்விடும். சக்கரக் கம்பிகளில் செருகும் வண்ண எதிரொளிப்புக் குழல்கள், சக்கரம் சுழலும்போது வட்டம் வரையும் விளக்குகள், டயர் வால்வின் மூடியில் மின்னும் சிறு விளக்குகள் என்றால் நண்பர்களிடம் காட்டிக்கொள்வார்கள். இவற்றை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். சக்கரத்தில் சுழலும் ஒளி பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு மிதிவண்டியை உடனே காட்டிக்கொடுக்கும். முன்பின் விளக்குகள் செய்ய முடியாத வேலை அது. ஆனால் நேர் பின்னால் வரும் லாரிக்கு அது ஏறக்குறையத் தெரியாது. எனவே பின்விளக்கு வாங்கிய பிறகே சக்கர விளக்கு. பின்லாந்தில் ஆர்வி லெஹ்தி என்பவர் முதலில் குதிரை வண்டிகளுக்காகச் செய்த ரிஃப்ளெக்டர், பிறகு மனிதர்களின் கோட்டில் தொங்கும் பொருளாயிற்று. பனித்துகள் வடிவத்தில் வந்ததும் அங்கே அது எல்லோர் வீட்டிலும் இடம்பிடித்தது. நம் பிள்ளைகளுக்கு எந்த வடிவம் பிடிக்கும் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சிறு விளக்குகள் பலவற்றில் வட்ட வடிவப் பொத்தான் பேட்டரி இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ இருந்தால், திருகாணி போட்டு மூடும் விளக்கை மட்டுமே வாங்குங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை ஒத்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அங்குள்ள திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் ஒழுகுதல், சாப்பிட மறுத்தல், காரணமில்லாத இருமல் இவையே அடையாளம். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அப்படியே. தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்தானதுதான்.

வாங்கியதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் சைக்கிளைத் தெருவில் நிறுத்துங்கள். 20 அடி எடுத்துவைத்துப் பின்னால் போய், கைபேசி டார்ச்சைக் கண்ணை ஒட்டி, கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள். கண்ணருகே பிடிப்பது முக்கியம். இடுப்பருகே பிடித்தால் பட்டை ஒளிராது. யாரையாவது ஏறி மிதிக்கச் சொல்லி மீண்டும் பாருங்கள். சில ரிஃப்ளெக்டர்கள் தூசியும் எண்ணெயும் படிந்து செத்துக் கிடக்கும். ஈரத்துணியால் துடைத்தால் உயிர் பெறும்.

அந்த நோயாளியின் எலும்பு கூடிவிட்டது. மீண்டும் எப்போது சைக்கிள் ஓட்டலாம் என்று அவர் கேட்டபோது, இம்முறை சீட்டில் முழுமையாக எழுதினேன்: சைக்கிள், அரை மணி நேரம், விடிந்த பின்; பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒன்று; கணுக்கால் எதிரொளிப்புப் பட்டை இரண்டு, தளர்வாக. அவர் மனைவி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே மருந்தகத்தில் போய் வரிசையில் நின்றாராம். அங்கே கிடைக்காது. சைக்கிள் கடையிலோ, வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையிலோ கேளுங்கள்.