பிழை வந்தால் நிற்பதா, தொடர்வதா?

மாணவர்களே, 2022 நவம்பர் 9ஆம் தேதி பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறச் சென்றவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கிளானா ஜெயா முதல் அம்பாங் பார்க் வரை 16 நிலையங்களில் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. தானியங்கி ரயில் கட்டுப்பாட்டு முறையில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம். அந்தத் தடத்தில் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடுபவை. கட்டுப்பாட்டை நம்ப முடியாதபோது ரயிலை நிறுத்திவைப்பதே பயணிகளுக்குப் பாதுகாப்பு.

இன்னொரு நாளைப் பாருங்கள். 1996 ஜூன் 4ஆம் தேதி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் நிலையையும் திசையையும் கணிக்கும் கணினியில் ஒரு பிழை எழுந்தது. அந்தக் கணினியும் தன்னை நிறுத்திக்கொண்டது. புறப்பட்டு ஏறத்தாழ 40 வினாடிகளில் ராக்கெட் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

இரண்டு இடத்திலும் ‘நில்’ என்பதே விடை. தரையில் அது காப்பாற்றியது. வானில் அது அழித்தது. எனவே, பிழை வந்தால் என்ன செய்வது என்பதை நிரலை எழுதுபவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அதற்கு உதவும் இரண்டு கருவிகளை இன்று படிப்போம்.

அருவ வகுப்பு

பிரிக்பீல்ட்ஸ் கடையில் நின்று “அண்ணே, ஒரு பலகாரம் கொடுங்க” என்று கேட்டால், “எது தம்பி, வடையா முறுக்கா?” என்றுதான் கேட்பார். பலகாரம் என்பது பொதுப்பெயர். தட்டில் வைத்துத் தர அப்படி ஒரு பொருள் கிடையாது. நிரலில் இத்தகைய பொதுப்பெயரே அருவ வகுப்பு. ஜாவாவில் இதை ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்ற சொல்லால் குறிப்போம். இதிலிருந்து நேரடியாகப் பொருளை உருவாக்க முடியாது.

ரயில் நிலையத்தில் வெளியேறும் கதவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் டச் என் கோ அட்டையைத் தொடுவார். ஒருவர் டோக்கனைப் போடுவார். மற்றொருவரிடம் மாதப் பயண அட்டை இருக்கும். மூன்றுக்கும் கட்டணம் கழியும் முறை வேறு. ஆனால், மூன்றும் ‘கட்டணம் செலுத்து’ என்ற கட்டளைக்குப் பதில் தந்தாக வேண்டும்.

அருவ வகுப்பு பயணச்சீட்டு
— அருவச் செயல்: கட்டணம்செலுத்து(தொகை), பயணப்பிழையை எறியக்கூடும்

வகுப்பு அட்டை, பயணச்சீட்டின் சேய்
— கட்டணம்செலுத்து(தொகை):
— மீதி < தொகை எனில், எறி இருப்புக்குறைவு
— மீதி = மீதி − தொகை

தாய் வகுப்பில் செயலின் பெயர் மட்டுமே உள்ளது, உடல் இல்லை. அதைச் சேய் வகுப்பு எழுத வேண்டும். எழுத மறந்தால் நிரல் தொகுக்கப்படாது. தவறு உங்கள் மேசையிலேயே பிடிபடும். பயணி கதவருகே வரும்வரை காத்திருக்காது.

பிழையை எறிதலும் பிடித்தலும்

சில பிழைகளைத் தொகுப்பியால் முன்கூட்டியே காண முடியாது. அட்டையில் 1 ரிங்கிட் இருக்கிறது, கட்டணமோ 2 ரிங்கிட் என்றால், அது நிரல் ஓடும்போதுதான் தெரியும். அதற்காகவே கதவின் நிரலை இப்படி எழுதுகிறோம்:

முயல்:
— சீட்டு.கட்டணம்செலுத்து(தொகை)
— கதவைத் திற
பிடி இருப்புக்குறைவு:
— “பணம் போதவில்லை” எனக் காட்டு
பிடி பயணப்பிழை:
— “உதவி முகப்புக்குச் செல்லவும்” எனக் காட்டு
இறுதியாக:
— அடுத்தவருக்குத் தயார் செய்

ஜாவாவில் இவை முறையே ட்ரை, கேட்ச், ஃபைனலி எனப்படும். மூன்றைக் கவனியுங்கள். பிழை எறியப்பட்டால் ‘கதவைத் திற’ என்ற வரி ஓடாது. இருப்புக்குறைவு என்பது பயணப்பிழையின் ஒரு வகை. எனவே சிறப்பான பிழையை முதலிலும் பொதுவான பிழையைப் பின்னரும் பிடிக்க வேண்டும். ‘இறுதியாக’ என்ற பகுதி பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும்.

மாணவர்கள் பலர் சிவப்பு எழுத்து மறைந்தால் போதும் என்று ‘பிடி’ பகுதியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அப்போது கதவும் திறக்காது, திரையும் பேசாது. பயணி காரணம் தெரியாமல் நிற்பார். பிழையை மறைப்பது பிழையைத் தீர்ப்பது ஆகாது.

ஏரியானில் என்ன நடந்தது?

அதன் கணினி, 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. குறியுடைய 16 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. நிரல் ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்டது. ஏரியான் 5இன் கிடைமட்ட வேகமோ அதைவிட அதிகம். எண் அடங்கவில்லை; பிழை எறியப்பட்டது. ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். இந்த மாறி எஞ்சிய மூன்றில் ஒன்று.

மாற்றுக் கணினியும் இருந்தது. ஆனால், அதிலும் அதே நிரல். அது அதே பிழையால் சற்று முன்னரே நின்றுவிட்டது. பிழை என்றால் கருவி பழுதாகியிருக்கும், அதை அணைத்துவிட்டு மற்றதற்கு மாறினால் போதும் என்று வடிவமைத்தவர்கள் கருதியிருந்தார்கள். கணினி நிற்காமல் தன்னால் இயன்ற சிறந்த மதிப்பீட்டைத் தொடர்ந்து தந்திருக்க வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் முடிவு.

இப்போது இரு கருவிகளையும் இணைத்துப் பாருங்கள். ‘ஊர்தி’ என்ற தாய் வகுப்பிலேயே “கோளாறு என்றால் நிறுத்து” என எழுதிவிட்டால், ரயிலும் ராக்கெட்டும் அதையே பெறும். ‘கோளாறில்செய்’ என்பதை அருவச் செயலாக விட்டால், ஒவ்வொரு சேய் வகுப்பும் தன் விடையைத் தானே எழுதியாக வேண்டும். ரயில் நிற்கும், ராக்கெட் தொடரும்.

முயன்று பாருங்கள்

1. ‘டோக்கன்’ என்ற சேய் வகுப்பை எழுதுங்கள். அது எறியக்கூடிய இரண்டு பிழைகளுக்குப் பெயரிடுங்கள்.
2. நிலையத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது. அதே நேரம் அட்டை வாசிப்பானும் பழுதாகிறது. கதவு திறக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? ‘பிடி’ பகுதியில் என்ன எழுதுவீர்கள்? நண்பரோடு பேசி முடிவெடுங்கள்.