இணையம் எங்கே நின்றது? பத்து வரியில் ஒரு சோதனை

கணினி ஆய்வகத்தில் பாடவேளை தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. ‘நெட் வரல சார்’, ‘டீச்சர், எனக்குச் சுத்திக்கிட்டே இருக்கு’ என்று குரல்கள் எழும். ரவுட்டரை அணைத்துப் போடுவோம், கம்பியைப் பிடுங்கிச் செருகுவோம். அதற்குள் மணி அடித்துவிடும். வாரம் ஒருமுறை மட்டும் ஆய்வகத்துக்கு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வாரம்தான்.

பழுது நீக்குவது ஆசிரியரின் வேலை இல்லை. ஆனால் பழுது எந்த இடத்தில் என்று சொல்லத் தெரிந்தால், அதை நீக்க வேண்டியவர் விரைவாக வருவார், சரியான கருவியோடு வருவார். ‘நெட் இல்லை’ என்று சொல்வது மருத்துவரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வது போன்றது. எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஒரு சிறிய ஸ்கிரிப்ட் போதும். விண்டோஸ் கணினியில் இதற்காக எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. நோட்பேடில் எழுதி, பெயரின் முடிவில் புள்ளியும் பி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்துச் சேமித்தால், அது ஒரு பேட்ச் கோப்பு. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் காலத்து முறை இது. இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது.

கீழே உள்ள வரிகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். எக்கோ என்பது இ, சி, எச், ஓ. பிங் என்பது பி, ஐ, என், ஜி. பாஸ் என்பது பி, ஏ, யு, எஸ், இ.

@எக்கோ ஆஃப்
எக்கோ 1 கணினி
பிங் -என் 2 127.0.0.1
எக்கோ 2 ரவுட்டர்
பிங் -என் 2 192.168.1.1
எக்கோ 3 வெளியுலகம்
பிங் -என் 2 8.8.8.8
எக்கோ 4 பெயர்
பிங் -என் 2 கூகுள்.காம்
பாஸ்

முதல் வரி, கட்டளைகளையே திரையில் திரும்பக் காட்டாதே என்கிறது. எக்கோ வரிகள் நமக்கான தலைப்புகள். அவற்றையும் ஆங்கில எழுத்தில் எழுதுவது நல்லது. தமிழில் எழுதினால் கறுப்புத் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும். கடைசி வரி இல்லாவிட்டால், முடிவைப் படிக்கும் முன்பே சன்னல் மூடிக்கொள்ளும்.

வேலையைச் செய்வது பிங். 1983 டிசம்பரில் அமெரிக்காவில் மைக் மியூஸ் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி ஓர் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்த ஒலியின் பெயரையே இதற்கும் வைத்தார். ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும்; ‘இருக்கிறேன்’ என்று பதில் வர எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்லும். விண்டோஸில் வழக்கமாக நான்கு முறை கேட்கும். வகுப்பறை அவசரத்துக்காக இரண்டு போதும் என்று -என் 2 சேர்த்திருக்கிறோம்.

நான்கு கேள்விகளும் நான்கு படிகள். 127.0.0.1 என்பது எந்தக் கணினிக்கும் ‘நான்’ என்னும் முகவரி. இங்கே பெரும்பாலும் பதில் வந்துவிடும். கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் வரும் என்பதால், இது கம்பியைப் பற்றி எதையும் சொல்லாது. இரண்டாவது, ஆய்வகத்தின் ரவுட்டர். 192.168.1.1 என்பது எடுத்துக்காட்டுதான். உங்கள் பள்ளியில் வேறாக இருக்கலாம். கறுப்புச் சன்னலில் ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியான எண் கிடைக்கும். அப்படியே அதற்கு மேலே கணினியின் சொந்த முகவரியையும் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு யாரும் முகவரி தராததால் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கம்பி, சுவிட்ச், ரவுட்டர் இவற்றில்தான் தேட வேண்டும். இணையச் சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை.

மூன்றாவது 8.8.8.8. கூகுள் நிறுவனம் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைத்துள்ள சர்வர் அது. இரண்டாவதில் பதில் வந்து மூன்றாவதில் வராவிட்டால், பள்ளிக்குள் எல்லாம் சரி, வெளியே செல்லும் பாதையில்தான் சிக்கல். நான்காவது கேள்வி எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுக்கிறது. எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை. இணையம் இருந்தும் ஒரு தளமும் திறக்காத விசித்திரம் பல நேரங்களில் இதனால்தான்.

முடிவைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. சில சமயம் ‘சேருமிடத்தை அடைய முடியவில்லை’ என்ற செய்தி வரும். ஆனால் கீழே சுருக்கத்தில் 2 அனுப்பப்பட்டது, 2 பெறப்பட்டது, இழப்பு 0 என்று இருக்கும். அந்த இரண்டு ‘பதில்’களும் ரவுட்டரிடமிருந்து வந்தவை அல்ல. வழி தெரியவில்லை என்று நம் கணினியே சொல்லிக்கொண்டவை. அவற்றையும் விண்டோஸ் வரவில் வைத்துவிடுகிறது. ஆகவே கீழ்வரிச் சதவீதத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பதில் வரியின் முடிவிலும் டிடிஎல் என்ற மூன்றெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் உண்மையான பதில்.

இன்னொன்று: சில வலையமைப்புகளில் பாதுகாப்புக்காக பிங் கேள்விகளைத் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே இணையம் நன்றாக ஓடும்போதும் மூன்றாம் படியில் பதில் வராது. எனவே எல்லாம் நலமாக இருக்கும் ஒரு நாளில் இதை ஓட்டி, வந்த முடிவை அப்படியே குறித்து ஆய்வகச் சுவரில் ஒட்டி வையுங்கள். காய்ச்சல் நாளின் வெப்பநிலையை ஒப்பிட, நலமான நாளின் அளவு தெரிந்திருக்க வேண்டும். என் பார்வையில் ஸ்கிரிப்டின் பெரிய பயன் இதுதான். கையால் தட்டினால் ஒருநாள் ஒன்றைக் கேட்போம், மறுநாள் வேறொன்றைக் கேட்போம். ஸ்கிரிப்ட் என்றும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்கும்.

பதிவாகவும் வைத்துக்கொள்ளலாம். எக்கோ, பிங் வரிகள் ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் இடைவெளி விட்டு >> என்ற குறியையும் ஒரு கோப்பின் பெயரையும் சேர்த்தால், முடிவு திரைக்கு வராமல் அந்தக் கோப்பில் போய்ச் சேரும். தொடக்கத்தில் எக்கோ %டேட்% %டைம்% என்று ஒரு வரி இருந்தால் நாளும் நேரமும் பதியும். குறி இரண்டாக இருக்க வேண்டும். ஒற்றை > போட்டால் பழைய பதிவு அழிந்து புதியது மட்டும் நிற்கும். ஒரு மாதப் பதிவு கையில் இருந்தால், ‘அடிக்கடி போகிறது’ என்று எழுதும் இடத்தில், ‘இந்த ஐந்து நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் ரவுட்டர் வரை பதில் வருகிறது, வெளியே வரவில்லை’ என்று எழுதலாம். அந்தக் கடிதத்துக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கடினம்.

மாணவர் கையில் கொடுத்தால் இது நல்ல பாடமாகிறது. தொடக்க வகுப்பில் கணினியே வேண்டாம். நான்கு பிள்ளைகளைக் கணினி, ரவுட்டர், வெளியுலகம், பெயரேடு என்று நிறுத்தி, ஒரு துண்டுச்சீட்டைக் கைமாற்றச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் இரகசியமாகக் கைகட்டி நிற்கச் சொல்லிவிட்டு, சீட்டு எங்கே நின்றது என்பதை மற்றவர்கள் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பினர் ஸ்கிரிப்டையே எழுதலாம். அவர்களுக்கு இரண்டு இடத்தில் இடறும். நோட்பேட் சேமிக்கும்போது ‘அனைத்துக் கோப்புகள்’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பெயரின் பின்னால் ஒரு டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும்; விண்டோஸ் அதை மறைத்தும் வைத்திருக்கும். அடுத்தது இன்னும் வேடிக்கை. கோப்புக்குப் பிங் என்றே பெயர் வைப்பவர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார். உள்ளே பிங் என்ற வரி வந்ததும் அந்தக் கோப்பு தன்னையே அழைக்கும், மீண்டும் மீண்டும் அழைக்கும். உடனே திருத்திவிடாமல், ஏன் என்று அவர்களே யோசிக்கச் சிறிது நேரம் கொடுங்கள்.

வழி பிடிபட்டதும் வேறு வேலைகளும் தோன்றும். மாலையில் மாணவர் கோப்புறையை வெளிவட்டுக்கு நகலெடுக்க ரோபோகாப்பி உண்டு. எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு முகவரிகளோடு /இ சேர்த்தால் உள்கோப்புறைகளும் வரும்; முகவரியில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். அதே கட்டளைக்கு /எம்ஐஆர் சேர்க்கச் சொல்வோர் உண்டு. மூலத்தில் இல்லாததை எல்லாம் நகலிலிருந்தும் அது அழித்துவிடும். இன்று ஒரு மாணவர் தவறுதலாக அழித்த ஓவியம் மாலையில் நகலிலிருந்தும் போய்விடும் என்பதால், பள்ளிக்கு /இ போதும். கணினிகளை அணைக்க ஷட்டவுன் /எஸ் /டி 60 என்ற வரி ஒரு நிமிட அவகாசம் தரும். யாராவது வேலையை முடிக்காமல் இருந்தால், அந்த நிமிடத்துக்குள் ஷட்டவுன் /ஏ தட்டி நிறுத்தலாம்.

பழைய புத்தகங்களில் விபிஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டுகள் நிறைய இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2023இல் அதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டதால், புதிதாகக் கற்பவர் அதில் தொடங்க வேண்டியதில்லை. பேட்ச் கோப்பு போதாமல் போகும்போது பவர்ஷெல் பக்கம் போகலாம்.

எந்தக் கடவுச்சொல்லையும் ஸ்கிரிப்டுக்குள் எழுத வேண்டாம்; நோட்பேடில் திறக்கும் எவரும் படித்துவிடலாம். பிறர் அனுப்பிய பேட்ச் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், வலப்பொத்தானை அழுத்தி ‘எடிட்’ வழியாகத் திறந்து ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று முதலில் படியுங்கள். ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு, முதல் முறை ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.