சினம் பேசும் சிலைகளும் ஓவியங்களும்

தலையான பாவங்கள் ஏழில் கோபமும் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். ஆயினும், எருசலேம் கோவிலைச் சந்தையாக்கியவர்களைக் கண்டு நம் ஆண்டவர் சினங்கொண்டு, நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார் என்பதையும் அதே வகுப்பில்தான் படிக்கிறோம். எனவே, தனக்காக வரும் கோபம் வேறு. பிறர்படும் அநீதியைக் கண்டு வரும் கோபம் வேறு. இந்த இரண்டாவது கோபத்தைக் கலைஞர்கள் எவ்வாறு வெளிப்படுத்தினர் என்பதைச் சிறிது காண்போம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்குவோம். கூடலூருக்கு மேலே, தமிழக, கேரள எல்லையிலுள்ள மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, மக்கள் திரளாக மலையேறுகின்றனர். தீர விசாரியாது தன் கணவனைக் கொல்வித்த மன்னனிடம் நீதி கேட்டவள் கண்ணகி. அவளுக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து சிலை எடுத்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினாக் கடற்கரையிலும் அவளுக்குச் சிலை நிறுவினர். கையில் ஒற்றைச் சிலம்புடன் அவள் இன்றும் நியாயம் கேட்டு நிற்கிறாள். 2001-இல் அச்சிலை அகற்றப்பட்டபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2006-இல் அது மீண்டும் நிறுவப்பட்டது.

அடுத்து வங்காளத்திற்குச் செல்வோம். 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அங்கே இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சித்தபிரசாத் என்னும் ஓவியர் மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களைக் கறுப்பு மையால் வரைந்தார். 'பசித்த வங்கம்' என்னும் பொருள்படும் அவரது நூலின் பிரதிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. பீரங்கி வைத்திருந்த அரசு ஒரு சித்திரப் புத்தகத்துக்கு அஞ்சியது!

கடல் கடந்தும் இதையே காண்கிறோம். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயின் நாட்டுக் கெர்னிக்கா நகரின்மீது விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. பாரிஸ் நகரில் இருந்த பிக்காசோ அச்செய்தி கேட்டுக் கொதித்து, ஏறக்குறைய 25 அடி அகலமுள்ள ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அதில் வண்ணங்கள் இல்லை. கறுப்பும் வெள்ளையும் சாம்பல் நிறமுமே உண்டு. ஒரு மூலையில், இறந்த குழந்தையை ஏந்திய தாய் வானத்தை நோக்கிக் கதறுகிறாள். அவளைக் காணும்போது மைக்கேல் ஆஞ்சலோ வடித்த வியாகுல மாதாவின் நினைவு வருகிறது. மாதா தம் திருமகனின் உடலை மடியில் தாங்கி மௌனமாக இருக்கிறார், இத்தாயோ கூக்குரலிடுகிறாள். துயரம் ஒன்றே.

கண்ணகியின் கோபம் மதுரையை எரித்தது என்பது கதை. அதே கோபம் சிலையானபோது யாரையும் சுடவில்லை. பார்ப்பவர் மனச்சாட்சியை மட்டுமே சுடுகிறது. ஓங்கிய கைக்கும் உளி பிடித்த கைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஓவிய வகுப்பில் நாங்கள் இரண்டு மலைகளையும் நடுவே உதயசூரியனையும் வரைகிறோம். அந்தச் சூரியன் எழுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நாங்கள் வரைந்ததில்லை. அவர்களுள் எங்கள் தாய்மாரும் உண்டு. இனித் தூரிகை எடுக்கும்போது அவர்களையும் வரைவோம். அதில் சிறிது கோபம் கலந்திருந்தால் அது பாவமாகாது என்றே நம்புகிறோம்.