கணிப்பொறி நின்றால் மடையிலிருந்து பாருங்கள்

கண்மாயில் நீர் இருந்தும் வயலுக்கு வரவில்லையெனில், நம் விவசாயி உடனே கண்மாயைக் குறை கூறுவதில்லை. மண்வெட்டியுடன் மடையிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, அடைப்பு எங்கே என்று பார்க்கிறார். ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிக்கும் இம்முறையே ஏற்றது.

நாட்டரசன்கோட்டைப் பக்கத்தில் ஓர் ஊராட்சி அலுவலகத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். கணிப்பொறியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஏதோ ஒரு செய்தி தோன்றுகிறது. அதைக் கடந்து உள்ளே சென்றாலும், இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்ற எச்சரிக்கை வருகிறது என்றனர். வீட்டுவரி செலுத்த வந்தோர் இரண்டு நாட்களாகத் திரும்பிச் சென்றனர். புதிய கணிப்பொறி வாங்கத் தீர்மானமும் தயாராயிருந்தது.

அச்செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்தோம். தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். மின்சாரம் இல்லாதபோது உள்ளிருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது நாணயம் போன்றதொரு சிறு பாட்டரி. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குக் காலவரையறை உண்டு. தேதி தவறாயிருப்பின் கணிப்பொறி அவற்றை ஏற்காது. சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பாட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் வேலை நடந்தது. தீர்மானம் கைவிடப்பட்டது, பணம் ஊராட்சி நிதியிலேயே நின்றது.

துவக்க வட்டு கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், பென்டிரைவ் ஏதும் செருகியபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை எடுத்தும் செய்தி நீங்காவிடில், வட்டே பழுதாகியிருக்கலாம். பழுது பார்ப்பவரை அழையுங்கள். இதற்காகவே கணக்குகளுக்கு வேறிடத்தில் பிரதி வைத்திருத்தல் அவசியம்.

அடுத்து, இணைய வடம். 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, இன்று பாரத்நெட் எனப்படும் திட்டம் ஊராட்சி வரை கண்ணாடியிழையைக் கொண்டுவருவதற்கானது. ஆனால் அலுவலகத்திற்குள் ஓடும் பத்தடி வடமே நமது கடைமடை. அதில் 8 கம்பிகள் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு 4 கம்பிகள் போதும். 1000 மெகாபிட்டிற்கு எட்டும் வேண்டும். ஆதலின் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் குறைவதுண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். எலி கடித்த இடம், கதவிடுக்கில் நசுங்கிய இடம், தளர்ந்த முனை ஆகியவற்றைப் பாருங்கள். நல்ல வடமொன்றை மாற்றிச் செருகினால் உண்மை புலப்படும்.

மூன்று விதிகளை நினைவில் வையுங்கள். செய்தியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறவுங்கள்.