பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: மலிவுத் துப்பாக்கி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி புதுச்சேரி வீராம்பட்டினத்தில் தேர். முதலியார்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் வழியாகத் தேர் பார்க்கப் போகிறவர்கள் பலூன் சுடும் கடையைப் பார்க்காமல் திரும்புவது அரிது. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், மேசைமேல் இரண்டு மூன்று ஏர்கன், ஒரு கிண்ணத்தில் குண்டு. ஐந்து குண்டில் நான்கைத் தவறவிட்டவர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தை அநேகமாக ஒன்றுதான்: “அண்ணே, துப்பாக்கியே கோணல்.”

விலை குறைந்த துப்பாக்கிக்கு இந்தக் கெட்ட பெயர் உலகம் முழுக்க உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துருக்கியிலிருந்து வரும் மலிவான செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னைத் திட்டுகிறார்கள். நம் ஊரில் சில ஆயிரம் ரூபாய் ஏர்கன்னைத் திட்டுகிறோம். திட்டுவதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதைத் திட்டவேண்டிய விஷயத்துக்குத் திட்டாமல், திட்டவேண்டாத விஷயத்துக்குத் திட்டுகிறோம் என்பதுதான் என் வாதம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: பலூன் கடைக்காரர் வேண்டுமென்றே குறியைக் கோணலாக்கி வைத்திருப்பார்.

உண்மை: அப்படிச் செய்கிறவர் எங்காவது இருக்கலாம். ஆனால் யாரும் கெடுக்காமலேயே குறி கோணலாகிவிடும். இந்த ஏர்கன்களில் பெரும்பாலானவை குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. ஒரு திருவிழா இரவில் எத்தனையோ பேர் குழலைப் பிடித்து மடக்குகிறார்கள். சிறுவர்கள் மேசையில் தொப்பென்று போடுகிறார்கள். குழலின் நுனியில் இருக்கும் குறிமுள் வளைவதற்கும், பின்குறியின் திருகு தளர்வதற்கும் இதுவே போதும்.

குறி கோணலான துப்பாக்கியும் மோசமான துப்பாக்கியும் ஒன்றல்ல. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே இடத்தைக் குறிவைத்து மூன்று முறை சுடுங்கள். மூன்று குண்டும் இடப்பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி ஒன்றையொன்று ஒட்டி விழுந்தால் குழலில் குற்றமில்லை, குறிதான் விலகியிருக்கிறது. நான்காவது முறை இரண்டு அங்குலம் வலப்பக்கம் பார்த்துச் சுட்டால் பலூன் வெடிக்கும். மூன்றும் மூன்று திசையில் போனால்தான் துப்பாக்கியையோ, குண்டையோ, பிடித்த கையையோ சந்தேகப்பட வேண்டும்.

நம்பிக்கை: விலை குறைந்த ஏர்கன் எப்படிப் பிடித்தாலும் நேராகச் சுடாது.

உண்மை: எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. விசையை இழுத்ததும் உள்ளே இறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு, கனமான ஒரு பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே துள்ளும். இந்த ஆட்டம், குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கியைப் பிடிப்பதுபோல இதையும் தோளில் அழுத்தி இறுக்கிப் பிடித்தால், ஒவ்வொரு முறையும் அந்த ஆட்டம் வெவ்வேறு விதமாகத் தடைபடும். குண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போகும். முன்கையைத் திறந்து உள்ளங்கைமேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, அது தன் போக்கில் ஆட விடுவதே இந்த வகைக்கு உரிய பிடி.

மீதிப் பாதியில் பெரும்பங்கு குண்டுக்கு. ஏர்கன் குண்டு மென்மையான ஈயத்தால் ஆனது. இடை சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும். அந்த விரிந்த விளிம்புதான் குழலின் உள்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழல்கிறது. டப்பாவில் உருண்டு நசுங்கிய குண்டும், அளவு முன்பின்னாக இருக்கும் மலிவான குண்டும் எந்தக் குழலிலும் நேராகப் போகாது. ஈயக் குண்டுக்குப் பதிலாக இரும்புப் பால்ரஸைப் போட்டுச் சுடுகிறவர்களும் உண்டு. ஈயத்துக்காக உள்வரி வெட்டிய குழலில் இரும்பு போனால் அந்த வரிகள் தேய்ந்துவிடும். பிறகு நல்ல குண்டு போட்டும் பயனில்லை.

மலிவு ஏர்கன்னுக்கு உண்மையான குறைகளும் உண்டு. மடக்கும் இடத்தில் குழல் ஆடுவது, விசை கனமாகவும் இழுத்துக்கொண்டே போவதாகவும் இருப்பது, ஒரே மாதிரியில் ஒன்று நன்றாகவும் இன்னொன்று மட்டமாகவும் அமைவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தொழிற்சாலையில் சோதனைக்குச் செலவிடும் நேரம் குறைவு என்பதன் விளைவு இது. ஆகவே மலிவு ஏர்கன் வாங்குகிறவர் மாதிரியின் பெயரை மட்டும் நம்பாமல், கையில் எடுக்கும் அந்த ஒரு துப்பாக்கியைச் சோதித்தே வாங்க வேண்டும். குழலை மூடிய பிறகு பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் வேறொன்று கேளுங்கள்.

நம்பிக்கை: ஒலிம்பிக் துப்பாக்கிக்கு லட்சக்கணக்கில் விலை என்றால், அதன் வேகமும் பல மடங்கு இருக்கும்.

உண்மை: வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் சுடும் குண்டு வினாடிக்கு 170, 180 மீட்டர் வேகத்தில் போகும். அதன் ஆற்றல் சுமார் 7 அல்லது 8 ஜூல்தான். நம் கடைகளில் கிடைக்கும் ஸ்பிரிங் துப்பாக்கிகள் சிலவற்றின் ஆற்றல் இதைவிட அதிகம்.

அப்படியானால் அந்த லட்சங்கள் எதற்கு? ஒரே மாதிரி சுடுவதற்கு. போட்டி இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர்தான். அந்தப் புள்ளியில் அறுபது முறை விழ வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று வெளியேற வேண்டும், விசை ஒரே கனத்தில் விடுபட வேண்டும், கட்டை சுடுபவரின் கன்னத்துக்கும் தோளுக்கும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். அழுத்திய காற்றை உருளையில் நிரப்பி, அதை அளந்து விடும் அமைப்பு இதற்காகத்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இத்தகைய துப்பாக்கியால்தான். முதலியார்பேட்டை வழியாகத் தெற்கே போகும் சாலை சென்று சேரும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ உலகக் கோப்பையிலும் அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார்.

மூன்று நான்கு மீட்டர் தூரத்திலிருக்கும் பலூனுக்கு இந்தத் துல்லியம் தேவையில்லை. பயிற்சியைத் தொடங்குகிறவருக்கும் முதல் நாளே தேவையில்லை. பிரிசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்கள் இறக்குமதித் துப்பாக்கியைவிடக் குறைந்த விலையில் போட்டி வகைகளைச் செய்யத் தொடங்கிய பிறகு, இடைப்பட்ட ஒரு படியும் கிடைத்திருக்கிறது.

நம்பிக்கை: மலிவான செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் என்றாலே குப்பை, இரண்டு தோட்டாவுக்கு ஒருமுறை சிக்கிக்கொள்ளும்.

உண்மை: பிரான்சிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் வேட்டைக்காரரானால் இதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் ஊரில் கேட்கும் வாய்ப்பு குறைவு. ஆயுத விதிகள் செமி ஆட்டோமேட்டிக் வகையைத் தனிப் பிரிவில் வைத்திருப்பதால், சாதாரண உரிமம் வைத்திருப்பவர் அதை வாங்கிவிட முடியாது. ஆனாலும் பழி எப்படி இடம் மாறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு தோட்டா வெடித்ததும் காலி உறையை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றும் வேலையை இந்தத் துப்பாக்கி தானே செய்கிறது. அதற்கான விசையைப் பெற இரண்டு வழிகள். வெடிவாயுவில் கொஞ்சம் திருப்பிவிட்டுப் பிஸ்டனைத் தள்ளுவது ஒன்று. துப்பாக்கியின் பின்னுதைப்பையே பயன்படுத்துவது இன்னொன்று. இது இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் புகழ்பெறச் செய்த முறை. இரண்டாவதில் உறுப்புகள் குறைவு, செய்வது எளிது. துருக்கியின் மலிவு வகைகள் பல இதையே பின்பற்றுகின்றன.

பின்னுதைப்பை நம்பியிருக்கும் எந்திரத்துக்குப் பின்னுதைப்புப் போதாவிட்டால் வேலை நடக்காது. களிமண் தட்டு சுடும் விளையாட்டுக்கான 24 கிராம் தோட்டாவின் உதைப்பு மென்மையானது. புதுத் துப்பாக்கியின் ஸ்பிரிங்கோ விறைப்பானது. உள்ளே தொழிற்சாலை பூசிய பிசுக்கு வேறு. குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டு முழுதாகப் பின்னே வராமல் காலி உறை நடுவில் மாட்டிக்கொள்ளும். பிசுக்கைத் துடைத்துவிட்டு, கனமான தோட்டாக்களைச் சில பெட்டிகள் சுட்டுப் பழக்கிய பிறகு அதே துப்பாக்கி ஒழுங்காக ஓடுவது வழக்கம். குழலடியில் விளக்கு முதலியவற்றை மாட்டிக் கனம் கூட்டினால், உதைப்பு குறைந்து மறுபடி சிக்கும். விலை உயர்ந்த பின்னுதைப்பு வகைகளிலும் இந்தக் குணம் உண்டு.

நியாயமான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பட்டறையின் சரக்கு பல இறக்குமதியாளர்களின் பெயரில் விற்கப்படுகிறது. இறக்குமதியாளர் கடையை மூடிவிட்டால் உதிரி உறுப்பு கிடைக்காது. உறுப்புகளின் இரும்பைப் பதப்படுத்துவதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஸ்டோகர் துப்பாக்கியும் துருக்கியில்தான் உருவாகிறது. ஆனால் பெரெட்டா குழுமத்தைச் சேர்ந்தது என்பதால் உறுப்பு கிடைக்கிறது, பெயரும் கெடவில்லை. எந்த நாட்டில் செய்தது என்று கேட்பதைவிட, உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பது பயன் தரும்.

நம்பிக்கை: குழலுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் ஏர்கன்னின் வேகம் கூடும்.

உண்மை: சத்தம் கூடும், புகை வரும், ஓரிரு குண்டு வேகமாகவும் போகும். பிஸ்டன் காற்றைச் சட்டென்று அழுத்தும்போது வெப்பம் ஏறி, உள்ளிருக்கும் எண்ணெய் தீப்பற்றுகிறது. டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுதான். எஞ்சின் அதற்காகவே செய்யப்பட்டது; ஏர்கன் அதற்காகச் செய்யப்படவில்லை. ஸ்பிரிங்கும் பிஸ்டன் வாசரும் சீக்கிரம் பழுதாகும், குண்டின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும் இதே கேட்டைச் செய்யும். தடுக்கக் காற்று இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் முட்டுகிறது. “ஆறு மாசத்துல போயிடுச்சு” என்று சொல்லப்படும் துப்பாக்கிகளில் பலவும் இப்படிப் போனவைதான்.

நம்பிக்கை: ஏர்கன் வெறும் பொம்மை, லைசென்ஸே வேண்டாத பொருளால் என்ன ஆகிவிடும்?

உண்மை: பாவம் இருக்கும் இடம் இதுதான். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும், 0.177 அங்குலத்துக்கு (சுமார் 4.5 மி.மீ.) மேற்படாத குழல் விட்டமும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மிஞ்சினாலும் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதை ஆபத்தில்லை என்று நாம் படித்துக்கொள்கிறோம். 0.177 குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தை ஒட்டினாலே மனிதத் தோலைத் துளைக்கும். கண்ணுக்கு அதைவிடக் குறைந்த வேகமே போதும். உரிமம் வேண்டாத துப்பாக்கிகளே அந்த வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன.

பறவைகளின் கதை இன்னும் மோசம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம் ஒரு காலத்தில் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. ஊசுட்டேரிக்கு வரும் வலசைப் பறவையைச் சுடுவது குற்றம் என்று தெரிந்தவர்கூட, மாடியில் வந்து உட்காரும் பறவையை நோக்கி ஏர்கன்னை நீட்டத் தயங்குவதில்லை. அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகளை அழித்ததில் ஏர்கன்னுக்குப் பெரும் பங்கு உண்டு என்று கண்டு, அவற்றை ஒப்படைக்கும்படி அரசே இயக்கம் நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களை மக்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். நேராகச் சுடாத பொம்மைகளால் ஒரு காடு அமைதியாகிவிடாது.

ஆகத் தீர்ப்பு இப்படி: குறி தவறுவது, சிக்கிக்கொள்வது, சீக்கிரம் பழுதாவது என்ற குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி குண்டுக்கும், பராமரிப்புக்கும், பிடித்த கைக்கும் உரியது. சரக்கு ஒரே சீராக இல்லை, உதிரி உறுப்பு கிடைப்பதில்லை என்ற இரண்டும் மலிவுத் துப்பாக்கிக்கே உரிய குறைகள். ஆபத்தில்லாதது என்ற நல்ல பெயரோ அதற்குச் சற்றும் தகாதது.

மகனோ மகளோ துப்பாக்கி சுடுதல் கற்க ஆசைப்பட்டால் முதல் மாதமே துப்பாக்கி வாங்காதீர்கள். பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்த்து, அங்குள்ள துப்பாக்கியில் பழகவிடுங்கள். ஆர்வம் நிலைத்த பிறகு வாங்குங்கள். வாங்குவது மலிவானதாக இருந்தாலும் குண்டு நல்லதாக இருக்கட்டும். சுட்டு முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது. துப்பாக்கியையும் குண்டையும் வேறு வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும்.