தோட்டமே தொகுதி: துன் சம்பந்தனின் நாடாளுமன்றப் பணி

நாடாளுமன்ற உறுப்பினர் என்றதும் தேர்தல் காலத்துச் சுவரொட்டிகளே நம்மில் பலருக்கு நினைவில் எழும். நாட்டுப்புறத் தொகுதி ஒன்றின் உறுப்பினர் தம் மக்களுக்கு உண்மையில் என்ன செய்ய இயலும், எது அவர் கைக்கு மீறியது என்பதை அறிய, துன் வீ. தி. சம்பந்தனின் வாழ்வு நல்ல பாடமாகும். அவர் தொகுதி பேராவில் இருந்தது. ஆயினும் அவர் கையாண்ட சிக்கல் சிரம்பான், லாபு, ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களுக்கும் பொதுவானதே.

திருஞானசம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி ரப்பர்த் தோட்ட உரிமையாளர். எனவே, இவர் பால்வாளி சுமந்து வளர்ந்தவரல்லர். இதை மறைக்க வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, போருக்குப் பின் நாடு திரும்பினார். அவருடைய இருபத்தொன்பதாம் பிறந்த நாளன்றுதான், 1948இல், அதே சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது.

1955இல் ம.இ.கா.வின் தலைவரானார். அவ்வாண்டு ஜூலை 27இல் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களுள் 51இல் வென்றது. வென்றவர்களுள் ஒருவரான சம்பந்தன் தொழில் அமைச்சரானார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு ஆகிய துறைகளை ஏற்றார். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட் தொகுதியின் உறுப்பினராகவும் விளங்கினார்.

அந்நாளில் தோட்ட மக்களை அச்சுறுத்திய சொல் 'துண்டாடல்' என்பதாகும். நாடு விடுதலை பெறும் தறுவாயில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, இலாபத்திற்கு மறுபடியும் விற்றனர். ஐந்து ஏக்கர் வாங்கியவருக்கு எத்தனை வெட்டுத் தொழிலாளர் வேண்டும்? லயத்து வீட்டையும் தமிழ்ப்பள்ளியையும் மருந்தகத்தையும் அவர் எதற்காகப் பேணுவார்? மரம் கைமாறிய அன்றே வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பம் எங்கே செல்லும்? பேராசிரியர் உங்கு அசிஸ் இத்துண்டாடலைப் பற்றி விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். எனினும் அறிக்கையால் விற்பனை நின்றுவிடவில்லை.

அமைச்சர் பதவியால் மட்டும் இதைத் தடுக்க முடியாதென்று சம்பந்தன் கண்டார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கினால் என்ன என்று எண்ணினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. துணைவியார் உமாசுந்தரியுடன் தோட்டந்தோறும் சென்று, பத்து வெள்ளி செலுத்தி உறுப்பினராகுமாறு வேண்டினார். அக்காலத்தில் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. 'பணத்தைத் திரும்பக் காண்போமா' என்று பிரட்டுக் களத்தில் ஐயுற்றவர்களைக் குறை கூற இயலாது. ஆயினும் பல்லாயிரவர் சேர்ந்தனர். கெடா மாநிலத்து புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பிற தோட்டங்கள் தொடர்ந்தன. அங்கு வெட்டியவர் அத்தோட்டத்தின் பங்குதாரராகவும் இருந்தார்.

இதனைக் கொண்டு துண்டாடல் ஒழிந்தது என்று கூறுவது மிகையாகும். விற்கப்பட்ட நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால், சங்கம் காத்தது ஒரு பகுதியையே.

அவர் காலத்தின் மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கசப்பானது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்றது. விடுதலையின்போது குடியுரிமை பெறும் வாய்ப்புத் திறந்திருந்தும், எழுத்தறியாமையாலும் அலட்சியத்தாலும் விண்ணப்பிக்காத தோட்ட மக்கள் ஏராளம். பால்மரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத பல்லாயிரவர் வேலையிழந்து கப்பலேறினர். அமைச்சரவையில் அப்போது சம்பந்தனும் இருந்தார். உறுப்பினர் ஒருவர் தம் மக்களின் குறையை அவையில் எடுத்துரைக்கலாம். அவர்களுக்காகப் பதிவுப் பாரத்தை அவர் நிரப்பிக்கொண்டிருக்க இயலாது. தலைவர்கள் முன்னரே இன்னும் உரக்க எச்சரித்திருக்க வேண்டும் என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் உண்டு.

கட்சிக்குள் எழுந்த நீண்ட பூசலின் முடிவில், 1973இல் தலைமைப் பதவியைத் துறந்தார். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை, தொகுதி ச. சாமிவேலுவிடம் சென்றது. கூட்டுறவுச் சங்கப் பணியை மட்டும் அவர் கைவிடவில்லை. 1979 மே 18இல் அவர் மறைந்தபோது, சங்கத்தின் பெயரில் பல தோட்டங்கள் இருந்தன. அவற்றில் விடியற்காலையில் பிரட்டு வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது.